முந்தானையில் ஒரு குண்டூசி

சவரியம்மாளுக்குப் புத்தி வரட்டும் என்று அவளை மடத்தில் கொண்டுபோய் விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. விட்டவன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன் சின்னப்பன். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மண்டோர். மூட்டை தூக்குகிறவர்களை அதட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம். ஈஸ்டருக்கு ஒரு தரம், கிறிஸ்துமஸுக்கு ஒரு தரம் கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு வருவான். கையில் பிஸ்கோத்துப் பொட்டலம் இருக்கும். பார்வையாளர் அறையில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ன, புத்தி வந்துச்சா?" என்று கேட்பான்.

"நீ வந்துட்டே. அது இன்னும் வரல," என்பாள் சவரியம்மா.

அவன் பொட்டலத்தைத் தடுப்புக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பான். பிஸ்கோத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கிடப்படும் என்று மடத்தில் ஒரு விதி இருந்தது. விதியைப் பார்த்தவர்கள் உண்டு, பிஸ்கோத்தைப் பார்த்தவர்கள் இல்லை.

அவள் செய்த குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். கிள்ளான் கோயிலில் அவளுக்கும் எடைமேடையில் கணக்கெழுதும் கிராணி ஜெயராஜுக்கும் கல்யாண ஓலை வாசித்தார்கள். கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரியுமா என்று சாமியார் கேட்பது வழக்கம். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அவரும் கேட்பார். மூன்றாம் ஞாயிறு பெண்கள் வரிசையிலிருந்து மணப்பெண்ணே எழுந்து நின்று, "எனக்குத் தெரியும், சாமி," என்றாள்.

என்ன தடை என்று அவர் கேட்டிருக்கக் கூடாது. தூக்கிவாரிப் போட்டதில் கேட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை என்னைப் பார்க்க வந்தப்ப, பொண்ணு வாயாடுவாளான்னு கேட்டாரு. வாயே திறக்க மாட்டான்னு எங்கண்ணன் சொல்லிருச்சு. அது பொய், சாமி. பொய் சொல்லிக் கட்டி வைக்கறது பாவந்தானே?"

கோயிலே சிரித்தது. பீடத்தில் பூசைக்கு உதவி செய்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர், ஜெயராஜும் சின்னப்பனும். ஜெயராஜுக்கு அந்த மாதமே ரவாங்கில் வேறு பெண் கிடைத்துவிட்டது. அவள் வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று பின்னால் கேள்வி. சின்னப்பனுக்குத்தான் போன மானம் போனதுதான். துறைமுகத்தில் அவன் அதட்டினால் கூலிகள் ஒருவரையொருவர் பார்த்து, "தடை யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டார்கள். சாமியார்தான் வழி சொன்னார். பிரிக்பீல்ட்ஸில் கன்னியர்கள் ஒரு மடம் நடத்துகிறார்கள், அடங்காத பெண்களுக்கு அங்கே நல்ல கவனிப்பு, கொஞ்ச நாள் இருந்தால் புத்தி வரும் என்றார். புத்தி வந்ததற்கு அடையாளம் என்ன என்பதை சின்னப்பன் தீர்மானித்தான். அதே கோயிலில், அதே இடத்தில், அதேபோல எழுந்து நின்று அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்பா என்று கேட்டாள் சவரியம்மா. ஆகவே உள்ளே போனாள்.

நல்வழி மாதா மடத்துக்குச் சுற்றுச்சுவர் உயரம். சுவர்மேல் புட்டித் துண்டுகள் பதித்திருந்தார்கள், திருடன் உள்ளே வராமலிருக்க. கூர்முனையெல்லாம் உள்பக்கம் சாய்ந்திருந்தது மேஸ்திரியின் கவனக்குறைவாக இருக்கலாம். உள்ளே வந்ததும் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டு ஒரு புனிதையின் பெயரை வைப்பார்கள். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கப்பலேறிவிட்டவள், தோட்டத்து தொரையின் பங்களாவிலிருந்து ஓடிவந்தவள், சின்னம்மாவுக்குப் பிடிக்காதவள், எல்லாரும் ஒரே நீலக்கரைச் சேலையில் சலவைக்கூடத்தில் நின்றார்கள். அறுபது வயதானாலும் அங்கே பிள்ளைகள்தான். ரயில்வே தொரைமார்களின் கோட்டும் ஓட்டல் மேசைவிரிப்பும் மூட்டை மூட்டையாக வரும், வெளுத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்து மூட்டை மூட்டையாகப் போகும். வெள்ளாவி வைப்பதும் தேய்ப்பதும் பாவப் பரிகாரம் என்பதால் அதற்குக் கூலி மோட்சத்தில்.

மோட்சத்துக் கூலியில் சவரியம்மாளுக்குத்தான் பெரும்பங்கு வரவேண்டியிருந்தது. கரிப்பெட்டியை அவள் கையில் எடுத்தால் சட்டைக் கழுத்து பீங்கான் தட்டு மாதிரி நிற்கும். ஒரு ரயில்வே தொரை அதைப் பாராட்டி மடத்துக்குக் கேக் அனுப்பினார். அன்றையிலிருந்து மடத்துத் தலைவிக்கு, எல்லாரும் மதர் என்று அழைக்கும் பிரெஞ்சுக்கார அம்மாளுக்கு, சவரியம்மாளின் புத்தி விஷயத்தில் அவசரமே இல்லை. தினமும் அவளுக்காக வேண்டிக்கொள்வார், ஆனால் நெருக்கி வேண்டிக்கொள்ள மாட்டார்.

மடத்தில் ஒரு சட்டம் இருந்தது. யார் கொண்டுவந்து விட்டாரோ அவரேதான் வந்து கூட்டிப்போக வேண்டும். இந்தச் சட்டம் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு சவரியம்மாளின் பக்கத்துப் பாயிலேயே சாட்சி படுத்திருந்தாள். மாரியாயி என்று பெயர். மடத்துப் பெயர் மதலேனாள்; அப்படிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவளைக் கொண்டுவந்து விட்டவன் அவளுடைய கொழுந்தன். அவன் செத்துப்போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. செத்தவன் வந்து கூட்டிப்போக முடியாது என்பதால் அவள் இருந்தாள். முழுச் சங்கதியும் அவ்வளவுதான். சின்னப்பன் நாளைக்குத் துறைமுகத்தில் பளு விழுந்து செத்தால் தானும் ஒரு மாரியாயிதான் என்று சவரியம்மாளுக்குத் தெரியும். அண்ணன் நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் தினமும் வேண்டிக்கொள்வதற்குக் காரணம் பாசம் மட்டுமில்லை.

செப்டம்பரில் மாதா திருநாள் வந்தது. மடத்துச் சுவரை ஒட்டிய கோயிலில் தமிழர்கள் மாதா சுரூபத்துக்குச் சேலை சாத்தி, சப்பரத்தில் வைத்து, தோளில் தூக்கிப் பிரிக்பீல்ட்ஸைச் சுற்றி வருவார்கள். சேலை சாத்துவதைப் பெண்தான் செய்ய வேண்டும். நாலு பக்கமும் திரை கட்டி ஆண் கண் படாமல் செய்ய வேண்டும். கன்னியர்களுக்குச் சேலை கட்டத் தெரியாது. வருஷா வருஷம் அதற்காக மட்டும் மாரியாயிக்கு வாசற்கதவு திறக்கும். இந்த வருஷம் அவளுக்குக் கண்ணில் புரை. எனவே சவரியம்மா.

"முந்தானையை இடுப்புல இறுக்கிச் செருகிக்க," என்றாள் மாரியாயி. "இல்லாட்டி மாதா சேலையோட உன் சேலையையும் சேர்த்துக் குத்திருவே. எனக்கு ஒரு தரம் அப்படி ஆச்சு."

"அப்புறம்?"

"கழட்டிட்டேன்," என்றாள் மாரியாயி. பாயின் ஓரத்தை நீவிக்கொண்டே, "அவசரப்பட்டுக் கழட்டிட்டேன்," என்றாள்.

குண்டூசிகளுக்குப் பொறுப்பு சிஸ்டர் மார்க்கிரட். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உருவம், சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் எவளோ ஒரு குண்டூசியை வளைத்து உக்கிராண அறைப் பூட்டைத் திறந்து டின்பால் முழுவதையும் குடித்துவிட்டாளாம். அதிலிருந்து மடத்தில் குண்டூசி என்பது துப்பாக்கி மாதிரி. சிவப்பு வெல்வெட்டு மெத்தை ஒன்றில் ஊசிகளைச் சிலுவை வடிவத்தில் குத்தி வைத்திருப்பார் சிஸ்டர். ஒன்று குறைந்தால் சிலுவை மொண்ணையாகிவிடும், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். குறைந்தால் கிடைக்கும்வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது.

"எல்லாம் திரும்பி வரவேணும், பிள்ளை," என்று சொல்லி மெத்தையைக் கொடுத்தார். "மாதாவுக்கெண்டாலும் கணக்குக் கணக்குத்தான்."

கோயிலுக்குள் திரைக்கு நடுவில் மாதாவும் சவரியம்மாளும் மட்டும். நாகப்பட்டினத்திலிருந்து யாரோ நேர்ந்து வரவழைத்த பதினாறு முழச் சேலை, அரக்கு நிறம், கரையெல்லாம் சரிகை. மாதாவின் மண்ணிடுப்பில் கொசுவம் நிற்கவேயில்லை. மடிப்புக்கு மடிப்பு ஊசி தேவைப்பட்டது. வெளியே கோயில்பிள்ளை அய்யாவு, அதாவது கோயிலுக்கு மணியடித்து விளக்கேற்றித் தன்னைக் குட்டிச் சாமியாராக நினைத்துக்கொண்டிருந்தவர், திரையைத் தட்டித் தட்டி, "நேரமாச்சு, நேரமாச்சு," என்று அரற்றிக்கொண்டிருந்தார். சவரியம்மா முந்தானையை இடுப்பில் இறுக்கித்தான் செருகியிருந்தாள். ஸ்டூலில் ஏறி இறங்கியதில் அது எப்போது நழுவியது என்று தெரியவில்லை. மாதாவின் முந்தானை சப்பரத்துக்குப் பின்னால் நீளமாகத் தொங்கியது. காற்றில் பறக்காமலிருக்க அதன் ஓரத்தைக் கடைசி ஊசியால் மடித்துக் குத்தினாள்.

அதே நேரத்தில் பொறுமையிழந்த அய்யாவு திரையை உருவினார். பேண்டு முழங்கியது. சப்பரம் எழும்பியது. சவரியம்மாளின் தோள் வெடுக்கென்று இழுபட்டது. அப்போதுதான் பார்த்தாள், மாதா முந்தானையும் தன் முந்தானையும் ஒரே ஊசியில்.

இங்கே அந்த ஊர்க் கட்டுப்பாட்டைச் சொல்ல வேண்டும். திரை விலகிய பிறகு மாதாவின் சேலையில் யாரும் கை வைக்கக் கூடாது. தூக்கிய சப்பரத்தைத் திரும்பக் கோயில் வாசலுக்கு வரும்வரை இறக்கவும் கூடாது. இரண்டையும் வருஷத்துக்கு ஒருமுறை பிரசங்கம் மாதிரி சொல்லி எல்லாரையும் பயமுறுத்தி வைத்தவர் அய்யாவுதான்.

வாசலில் நின்ற மதர் பார்த்துவிட்டார். அவர் தமிழை ஜெபப் புத்தகத்திலிருந்து படித்தவர். "நில்லுங்கள், மனுஷரே. அந்தப் பிள்ளையை அவிழ்த்துவிடுங்கள்," என்றார்.

"முடியாதுங்க, மதர். சேலையில கை வைக்கக் கூடாது," என்றார் அய்யாவு.

"அப்படியானால் அவள் தானே அவிழ்க்கக்கடவாள்."

"அதுவும் சேலைதானுங்களே."

மதருக்கு மடத்து வாசலையும் கோயில் வாசலையும் தாண்டித் தெருவில் நடக்க அவருடைய சபை விதி இடம் கொடுக்காது. அடுத்தவர்களை அடைத்து வைக்கும் விதிகளில் இது ஒரு சௌகரியம், சில சமயம் அடைத்தவர்களையும் பிடித்துக்கொள்ளும். சிஸ்டர் மார்க்கிரட்டைக் குடையோடு கூடவே அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. சப்பரம் தெருவுக்கு வந்தது. சவரியம்மாளும் வந்தாள்.

நாலு வருஷத்துக்குப் பிறகு தெரு. குதிரைச் சாணமும் செங்கல் சூளைப் புகையும் வறுத்த கடலையும் கலந்த வாசனை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே முன்னால் பார்த்தாள். பின்புறக் கழியில், இடது கடைசியில், தோளில் துண்டை மடித்துப் போட்டு சப்பரம் தூக்கிப் போகிறவனின் பிடரி தெரிந்த பிடரியாக இருந்தது. ஒரு மச்சம். சின்னப்பனேதான். திருநாளுக்கு நேர்ந்துகொண்டு வந்திருக்கிறான். மாதாவிடம் எதற்கு நேர்ந்தான் என்று பின்னால் விசாரித்ததில், தங்கச்சிக்குப் புத்தி வரவேண்டும் என்றானாம்.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. அவனால் கழியை விட்டுவிட்டுப் போக முடியாது. அவளாலும் போக முடியாது. ஊரைச் சுற்றி வரவேண்டும்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் திருப்பத்தில் பால்காரி நல்லம்மாள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். அவள் இந்து. பிரிக்பீல்ட்ஸ் இந்துக்களுக்கு மாதாவும் ஒரு அம்மன்தான். சப்பரம் தூக்கி வருகிறவர்களின் காலுக்குத் தண்ணீர் ஊற்றி, தொட்டுக் கும்பிட்டு அனுப்புவார்கள். நல்லம்மாளுக்குப் பார்வை கூர்மை, குரலும் கூர்மை.

"யாருய்யா இந்தப் பொண்ணு? அம்மா சேலையோட சேர்ந்து வருது?"

கூட்டம் முழுக்க அய்யாவுவைப் பார்த்தது. திரையை முன்கூட்டி உருவியது தான்தான் என்று எப்படிச் சொல்வார்? மனுஷன் வானத்தைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார், கையைக் குவித்தார். "மாதாவே பிடிச்சுக்கிட்டாங்க, தாயி. நாங்க யாரும் கை வைக்கல," என்றார்.

சொன்னது அவ்வளவுதான். சப்பரம் அடுத்த திருப்பத்தை அடைவதற்குள் செய்தி அதற்கு அடுத்த திருப்பத்தைத் தாண்டிவிட்டது. ஜனங்கள் வீட்டிலிருந்து ஓடிவந்து சவரியம்மாளின் வெட்டிய தலைமுடியைப் பார்த்து, மொட்டையடித்து வேண்டிக்கொண்டவள் என்றார்கள். ஒரு கிழவர் அவளிடம் தன் முழங்கால் வலியைச் சொன்னார்.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்று கேட்டுக்கொண்டே கூட நடந்தாள் நல்லம்மாள்.

"அதோ, அந்தத் தோள் வலிக்கிற அண்ணன் வீட்டுப் பொண்ணு," என்றாள் சவரியம்மா.

எல்லாரும் சின்னப்பனைப் பார்த்தார்கள். அவனுக்குக் காது சிவந்தது. கிள்ளான் கோயிலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களே, அதே மாதிரி பார்வை என்று நினைத்து ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது நல்லம்மாள் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் அவன் ஒருவன் காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரோ கழுத்தில் சாமந்தி மாலை போட்டார்கள். இன்னொருவர் சோடாவை வாயருகில் பிடித்தார்.

"தங்கச்சியா?"

"ஆமா," என்றான் சின்னப்பன். ஒரு வாய் சோடா குடித்தான். "நாலு வருஷத்துக்கு முன்னாடியே நான்தான் மாதா கையில ஒப்படைச்சேன்."

"புண்ணியவான்யா," என்றது கூட்டம். புண்ணியவானின் முதுகு நிமிர்ந்ததைப் பின்னாலிருந்து சவரியம்மா பார்த்தாள். நாலு வருஷமாகக் கூனியிருந்த முதுகு.

ரயில் கேட்டில் சப்பரம் நின்றது. கேட்டு மூடியிருந்தது. ரவாங் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வண்டி, போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போகிற சரக்கு, மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. சப்பரத்தை இறக்கக் கூடாது. தூக்கியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபமாலையைத் தொடர்ந்தார்கள்.

"அண்ணே," என்றாள் சவரியம்மா தணிந்த குரலில்.

"பேசாத. ஜெபம் சொல்லு."

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நடுவுல கேக்கறேன். என்னை எப்ப கூட்டிட்டுப் போறே?"

"மன்னிப்புக் கேளு, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"அது நடக்காது. அண்ணே, இது வெறும் குண்டூசி. நான்தான் தெரியாமக் குத்திட்டேன்."

"தெரியும். வாயை மூடிட்டு வா."

"எப்படி மூடறது? அந்தப் பாலுக்காரம்மா உன் காலைத் தொட்டுக் கும்பிட்டாங்க. பொய்யா வாங்கிக்கறது பாவந்தானே? கேட்டு திறந்ததும் எல்லாருக்கும் சொல்லிடலாம்னு இருக்கேன்."

சின்னப்பனுக்கு மூன்றாம் ஞாயிறு ஞாபகம் வந்தது. அவள் சொல்லுவாள். எழுந்து நிற்கக்கூட வேண்டியதில்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறாள். சாமந்தி மாலை கழுத்தில் கனத்தது.

"சொல்லித் தொலைச்சுடாத," என்றான்.

"அப்ப நீ சொல்லு. கோயில் வாசல்ல, மதர் முன்னாடி, எல்லாரும் கேக்க, என் தங்கச்சியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு."

"மன்னிப்பு?"

"கிடையாது. பொண்ணு பார்க்கன்னு எவனையும் கூட்டிட்டு வரக் கூடாது. கப்பல்காரங்க துணியைத் தேய்ச்சுக் கொடுத்து என் சோத்தை நான் தின்னுக்கறேன்."

சின்னப்பன் ஜெபமாலையில் தன் முறை வந்தது தெரியாமல் சும்மா நின்றான். தன் துறைமுகத்துக்குப் போகிற பெட்டிகளை அவ்வளவு வெறுப்போடு அவன் பார்த்ததேயில்லை. தோள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அய்யாவு குரல் கொடுத்தார். எல்லாரும் ஒரே சமயத்தில் தோள் மாற்ற, சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஊசி வளைந்து, துணியிலிருந்து நழுவி, தண்டவாளத்துச் சல்லிக்கற்களுக்குள் விழுந்து மறைந்தது.

சவரியம்மாளின் முந்தானை அவள் பக்கமாக வந்துவிட்டது.

யாரும் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் கூட்ஸின் கடைசிப் பெட்டியில். இடது பக்கம் குறுக்குச்சந்து, அது பெரிய ரோட்டில் சேரும், ரோடு கிள்ளானுக்குப் போகும். சிஸ்டர் மார்க்கிரட் குடையைச் சாய்த்து வெயிலை மறைத்துக்கொண்டிருந்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக சவரியம்மாளை எதுவும் பிடித்திருக்கவில்லை. ஓடலாம். ஓடினால் நாளைக் காலையில் போலீஸ்காரனோ அண்ணனோ கொண்டுவந்து விடுவான். அப்புறம் கதவு மாதாவுக்காகக்கூடத் திறக்காது.

அவள் மாதாவின் முந்தானை ஓரத்தையும் தன் முந்தானை ஓரத்தையும் சேர்த்து ஒரு கையில் அள்ளி, முஷ்டியை இறுக்கி மூடிக்கொண்டாள். வாயையும் மூடிக்கொண்டாள். மாதா பிடித்திருக்கிறாள் என்று அவள் சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். இல்லை என்று அவள் எழுந்து சொல்லவுமில்லை. நாலு வருஷத்தில் புத்தி வந்தது என்றால் அது அந்தக் கேட்டருகில்தான் வந்தது.

கேட்டு திறந்தது. செங்கல் சூளை, பாசார் கடைத்தெரு, மறுபடி குவார்ட்டர்ஸ். மழை தூறியது. கை மரத்துப்போனது. அவள் விடவில்லை.

கோயில் வாசலில் மதர் விட்ட இடத்திலேயே நின்றிருந்தார். பின்னால் பிரிக்பீல்ட்ஸே திரண்டு வந்திருந்தது. சின்னப்பன் சப்பரத்தை இறக்கிவிட்டு, மாலையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமினான்.

"மதர், இது என் தங்கச்சி. நான்தான் கொண்டாந்து விட்டேன். நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்." கூட்டத்தை ஒரு தரம் பார்த்தான். "மாதா சித்தம்," என்று கூடுதலாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டான்.

மதரின் முகம் வெளுத்தது. "ஆனாலும் திங்கட்கிழமையின் வஸ்திரங்களை யார் தேய்ப்பார்கள்?" என்றார்.

தேய்க்கிற வேலைக்காகவா மாதாவை எதிர்க்கிறது என்று நல்லம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். அவள் குரல்தான் கூர்மை ஆயிற்றே, எல்லாருக்கும் கேட்டது. மதருக்கும் தமிழ் தெரியும்.

"அப்படியே ஆகக்கடவது," என்றார் மதர் கடைசியில். "ஊசிகள் யாவும் ஒப்படைக்கப்படட்டும்."

மறுபடி திரை கட்டினார்கள். உள்ளே மாதா, சவரியம்மா, வெல்வெட்டு மெத்தையோடு சிஸ்டர் மார்க்கிரட். சவரியம்மா ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். சிஸ்டர் ஒவ்வொன்றாகக் குத்தினார். சிலுவையின் தலை வந்தது, கைகள் வந்தன, உடம்பு வந்தது. கால் நுனிக்கு வந்தபோது கொடுக்க ஒன்றும் இல்லை.

சிஸ்டர் மெத்தையைப் பார்த்தார். அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"ஒண்டு குறையுது, பிள்ளை. முந்தானையில குத்தினது எங்க?"

பொய் சொல்ல சவரியம்மாளுக்கு வாய் வரவில்லை. வாயை மூடக் கற்றுக்கொண்டு இரண்டு மணி நேரம்தானே ஆகிறது. "விழுந்துருச்சு, சிஸ்டர்."

"எங்க விழுந்தது?"

"ரயில் கேட்டுகிட்ட."

சிஸ்டர் தலையைத் தூக்கினார். "அப்ப ரயில் கேட்டிலயிருந்து இஞ்ச வரைக்கும்?"

சவரியம்மா கையை விரித்துக் காட்டினாள். விரல்கள் சரியாக விரியவில்லை. உள்ளங்கையில் சரிகையின் தடம் செக்கச்செவேலென்று பதிந்திருந்தது, நகம் அழுத்திய இடத்தில் தோல் கிழிந்திருந்தது.

திரைக்கு வெளியே மதர் கேட்டார்: "ஊசிகள் பூரணமாயிருக்கின்றனவா?"

சிஸ்டர் மார்க்கிரட் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சப்பரம் ஊரைச் சுற்றியும் கடைசியில் ஒரு ஊசிக்குத் தடுக்கிவிட்டதே என்று சவரியம்மாளின் மனசு அடித்துக்கொண்டது. சிஸ்டர் மெதுவாகக் கையைத் தூக்கி, தன் காதோரத்தில் முக்காட்டைப் பிடித்திருந்த ஊசியை உருவினார். அதை மெத்தையில், சிலுவையின் கால் நுனியில் குத்தினார்.

"எல்லாம் இருக்குது, மதர்," என்றார்.

மூட்டையை எடுக்க சவரியம்மா மடத்துக்குள் ஒரு தரம் போனாள். மாரியாயி பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சுவருக்குள் செய்தி எப்படி வருகிறது என்பது மதருக்கே தெரியாத மர்மம். சவரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழுவாத, போ," என்றாள் மாரியாயி. "அடுத்த வருஷம் சேலை சாத்த நானே போறேன்னு மதர்கிட்ட சொல்லப்போறேன். கண்ணு இப்ப நல்லாத்தான் தெரியுது."

சொல்லிக்கொண்டே அவள் சவரியம்மாளின் கன்னத்தைத் தடவ நினைத்துக் காதைத் தடவினாள்.

வாசலில் சின்னப்பன் மாலையோடு நின்றான். மதர் நின்றார். சாவி சிஸ்டர் மார்க்கிரட்டிடம் இருந்தது. அவருடைய முக்காடு ஒரு பக்கம் சரிந்து, நரைத்த தலைமுடி கொஞ்சம் தெரிந்தது. அந்த மடத்தில் யாரும் பார்க்காத காட்சி.

"சகோதரியே, உமது முக்காட்டுக்கு என்ன நேர்ந்தது?" என்றார் மதர்.

"காத்து, மதர்," என்றார் சிஸ்டர். மழைக்குப் பிறகு ஒரு இலைகூட அசையவில்லை.

பிறகு அவர் சரிந்த முக்காட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பூட்டைத் திறந்தார்.